ஜித்தாவிலிருந்து வீடு வந்து சேர எத்தனை மணி நேரம்?



நம் அறக்கட்டளைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு வகை அழைப்புக்கு மட்டும் நேரம் காலம் கிடையாது. நள்ளிரவிலும் வரும், ஸுபுஹுக்கு முன்பும் வரும். "வாப்பா மவுத்தாயிட்டாக காக்கா. தம்பி சவூதியில இருக்கான். எப்ப வந்து சேருவான்? அடக்கம் எத்தனை மணிக்குன்னு பள்ளியில சொல்லச் சொல்ல?" கஃபன் துணி, ஃப்ரீசர் பெட்டி, சந்தூக்கு, கபர் தோண்ட ஆள் எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். அந்தக் கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் சொல்வதுதான் கடினம்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. 'ஜித்தா – சென்னை' என்று தட்டினால் ஒரு விடை வந்துவிடுகிறது: தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர், நேரம் ஐந்தரை மணி. அந்த விடை தவறல்ல. ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு அது விடையும் அல்ல. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் ஒரு குடும்பம் பட்ட வேதனையை, அவர்கள் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

நம் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு பெரியவர் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை 5 மணிக்கு மவுத்தானார். ஒரே மகன், சவூதியில் யன்புவில் வேலை. அங்கே அப்போது இரவு இரண்டரை. போன் சைலன்ட்டில் இருந்தது. ஸுபுஹுக்கு எழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நமக்கு அப்போது காலை ஏழரை. பதறிப்போய் டிராவல்ஸில் டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே வரி போட்டார்: "10 மணி ஃப்ளைட். 6 மணிக்கு சென்னை."

வீட்டில் இதைப் படித்தபோது மணி எட்டேகால். 'காலை 10 மணிக்கு ஏறுகிறார், மாலை 6 மணிக்குச் சென்னையில் இறங்குகிறார், இரவு விமானத்தில் மதுரை வந்தால் நடுநிசிக்குள் வீடு' என்று மருமகன் கணக்குப் போட்டார். 'இரவு 12 மணிக்கு நல்லடக்கம்' என்று பள்ளியில் அறிவிப்பும் செய்தாகிவிட்டது. ஏர்வாடியிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் உறவினர்கள் வந்து காத்திருந்தார்கள்.

மாலை ஏழு மணிக்கு, மகன் சென்னையில் இறங்கியிருப்பார் என்று போன் அடித்தார்கள். ஜித்தா விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்த மகன் எடுத்தார். "நான் இன்னும் ஏறவே இல்லையே. பத்து மணிக்குத்தானே ஃப்ளைட்!"

அவர் சொன்ன 10 மணி, சவூதி நேரப்படி இரவு 10. 6 மணி என்பது மறுநாள் காலை 6. இமாமுடனும் மகனுடனும் கலந்து பேசி அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். மகன் வீட்டு வாசலில் கால் வைத்தபோது புதன்கிழமை பிற்பகல் 2 மணி. பை கையில் இருக்க நேராகக் கபருஸ்தானுக்குப் போனார்.

சில நாள் கழித்து என்னிடம் சொன்னார்: "வந்து முகம் பார்க்க முடியலையேங்கிற கவலை இருக்கு காக்கா. ஆனா அதைவிடப் பெரிய கவலை, வாப்பாவ பகல் முழுக்க பெட்டியில காக்க வெச்சேனே. வர முடியாதுன்னு காலையிலயே தெரிஞ்சிருந்தா, லுஹருக்கே அடக்கச் சொல்லியிருப்பேன்."

யாரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. கணக்குத்தான் பிழைத்துவிட்டது. அந்தக் கணக்கை நிதானமாக இருக்கும் நாளிலேயே எல்லாரும் கற்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

தூரம் என்பது என்ன?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 4,450 கி.மீ. இதையே சில இடங்களில் சுமார் 2,760 என்றும் சில இடங்களில் 2,400 என்றும் காணலாம். முதலாவது மைல் கணக்கு. இரண்டாவது விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கு. மூன்றும் ஒரே தூரம்தான்.

இந்தத் தூரம் உலக உருண்டையின் மேல் அளக்கப்படுவது. பள்ளிக்கூடத்தில் இருக்கும் உருண்டையில் சென்னைக்கும் ஜித்தாவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கர்நாடகக் கடற்கரை, அரபிக்கடல், ஓமன், ருபுஉல் காலி பாலைவனம் என்று அந்த நூல் போகும். விமானங்கள் ஏறக்குறைய இந்த வழியை ஒட்டிப் பறந்தாலும், வகுக்கப்பட்ட வான்பாதை, வானிலை இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் சுற்றிப் போகும்.

ஐந்தரை மணி எப்படி வருகிறது?

பெரிய பயணிகள் விமானம் உயரத்தை எட்டிய பிறகு மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. 4,450 கிலோமீட்டரை இந்த வேகத்தால் வகுத்தால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு முறை காத்திருப்பது ஆகியவற்றைச் சேர்த்தால் ஐந்தரை மணி ஆகிறது.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் ஆவதில்லை. குளிர்கால மாதங்களில் அரபு நாடுகளுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசும். அந்த நாட்களில் ஜித்தாவிலிருந்து வருகிற விமானத்துக்கு அது துணை. போகிற விமானத்துக்கு எதிர்ப்பு. அதனால் சென்னையிலிருந்து ஜித்தா செல்ல ஐந்தே முக்கால் அல்லது ஆறு மணி நேரம் எடுக்கலாம்.

தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு ஓர் உதாரணம். ஜித்தாவிலிருந்து துபாய் சுமார் 1,700 கி.மீ. துபாயிலிருந்து சென்னை சுமார் 2,930 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 4,630. நேர்வழியைவிட இருநூறு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் துபாயில் அடுத்த விமானத்துக்காக நான்கு மணி நேரமோ ஒன்பது மணி நேரமோ காத்திருக்க நேர்ந்தால், ஐந்தரை மணிப் பயணம் பத்து, பதினைந்து மணி ஆகிவிடும்.

டிக்கெட்டில் இரண்டு கடிகாரம்

இதுதான் எல்லாரும் தடுக்கி விழும் இடம். டிக்கெட்டில் அச்சிடப்படும் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம். சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

ஜித்தாவில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்குச் சென்னை சேர்வதாக டிக்கெட்டில் இருந்தால், விரல் விட்டு எண்ணினால் எட்டு மணி நேரம் வரும். ஆனால் ஜித்தாவின் இரவு 10 மணி என்பது நமக்கு நடுநிசி 12.30. அங்கிருந்து காலை 6 வரை ஐந்தரை மணி நேரம்தான். போகும்போது இதற்கு நேர்மாறு. சென்னையில் காலை 6 மணிக்கு ஏறி ஜித்தாவில் காலை 9.15க்கு இறங்குவதாக இருந்தால், மூன்றேகால் மணியில் போய்விடலாம் போலத் தோன்றும். உண்மையில் ஐந்தே முக்கால் மணி.

அந்தக் குடும்பத்தில் மருமகன் பார்த்த போனில் ஐந்தரை மணி என்று இருந்தது. மகன் அனுப்பிய செய்தியில் 10க்கும் 6க்கும் இடையே எட்டு மணி. இந்த இரண்டரை மணி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தாலே, அந்த 10 மணி நம் ஊர்க் கடிகாரத்தின் 10 அல்ல என்பது புரிந்திருக்கும்.

நம் பிள்ளைகள் இருக்கும் நாடுகளின் நேரத்தை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்:

- சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: நம்மைவிட 2½ மணி பின்னால்
- துபாய் முதலான அமீரக ஊர்கள், ஓமன்: நம்மைவிட 1½ மணி பின்னால்
- இலங்கை: நம் நேரமேதான்
- மலேசியா, சிங்கப்பூர்: நம்மைவிட 2½ மணி முன்னால்

இன்னொரு பொறி நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் '12ஆம் தேதி 00:40' என்று இருந்தால், 11ஆம் தேதி இரவு சாப்பிட்ட கையோடு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். '12ஆம் தேதி இரவு' என்று நினைத்து ஒரு நாள் தாமதமாகப் போய்த் திரும்பியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சேரும் நேரத்துக்கு அருகில் '+1' என்று சிறியதாக இருந்தால் மறுநாள் என்று பொருள்.

வாசலிலிருந்து வாசல் வரை

அந்த மகனின் பயணத்தை முழுவதும் நம் ஊர் நேரத்தில் எழுதிப் பார்ப்போம்.

- செவ்வாய் அதிகாலை 5.00: வாப்பா மவுத்
- காலை 7.30: மகனுக்குத் தகவல் தெரிகிறது
- காலை 10.30: கம்பெனி அலுவலகம் திறக்கிறது (அங்கே 8 மணி)
- பகல் 12.30: ரீ-என்ட்ரி விசா கைக்கு வருகிறது, யன்புவிலிருந்து புறப்படுகிறார்
- மாலை 4.00: முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வந்து ஜித்தா சேர்கிறார்
- நடுநிசி 12.30: விமானம் புறப்படுகிறது
- புதன் காலை 6.00: சென்னை
- காலை 7.15: குடியேற்றச் சோதனை, லக்கேஜ், சுங்கம் முடிந்து வெளியே வருகிறார்
- காலை 9.30: மதுரை விமானம்
- காலை 10.50: மதுரை
- பிற்பகல் 2.00: கீழக்கரை வீடு

மொத்தம் 33 மணி நேரம். போன் சொன்ன ஐந்தரை மணி இதில் ஆறில் ஒரு பங்குதான். மீதி ஐந்து பங்கும் பெரும்பாலும் தரையில் கழிந்தது: தூக்கத்தில், அலுவலகத்தில், சாலையில், காத்திருப்பில்.

விமானம் 4,450 கிலோமீட்டரை ஐந்தரை மணியில் கடந்துவிடுகிறது. சென்னையிலிருந்து கீழக்கரைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். காரில் வந்தால் ஒன்பது, பத்து மணி நேரம். கடல் தாண்டி வருவதைவிட மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு வருவதுதான் நமக்கு நீண்ட பயணம். எனவே டிக்கெட் எடுக்கும்போதே சென்னைக்குப் பிறகு என்ன வழி என்பதையும் சேர்த்தே பாருங்கள். துபாய் அல்லது கொழும்பு வழியாக நேரே மதுரையில் இறங்க அன்றைக்கு விமானம் இருக்கிறதா, திருச்சிக்கு இருக்கிறதா என்று டிராவல்ஸில் கேளுங்கள். வானத்தில் இரண்டு மணி கூடினாலும் தரையில் ஆறு மணி குறையலாம்.

விமானம் மாறி வருபவர்கள் கவனத்துக்கு

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. விலை குறைவு என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. நடுவில் உள்ள நாட்டில் லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டி வரும். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

மும்பை, டெல்லி வழியாக வருபவர்கள் பொதுவாக அங்கேயே குடியேற்றச் சோதனையையும் சுங்கத்தையும் முடித்து, லக்கேஜை எடுத்து, உள்நாட்டு விமானத்தில் மீண்டும் போட வேண்டியிருக்கும். முனையமும் மாறலாம். ஒன்றரை மணி நேர இடைவெளி இதற்குப் போதாது.

புறப்படும் இடத்திலும் கவனம் வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாகப் போகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஜித்தாவில் முனையங்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கின்றன. டாக்சியில் ஏறும்போதே எந்த முனையம் என்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அறிவிப்புச் செய்யும் முன் கேட்க வேண்டியவை

மவுத்தான வீட்டில் யாராவது ஒருவர் அழுகையைச் சற்று அடக்கிக்கொண்டு, காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும். வரவேண்டியவரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள்? விமான நிலையம் எத்தனை மணி நேரத் தூரம்?
2. பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா, கம்பெனியில் இருக்கிறதா? இகாமா காலாவதியாகாமல் இருக்கிறதா? ரீ-என்ட்ரி கிடைத்துவிட்டதா?
3. டிக்கெட் உறுதியாகிவிட்டதா? டிக்கெட்டையே படம் பிடித்து அனுப்புங்கள்.
4. இறங்கிய பிறகு வீட்டுக்கு எந்த வழி? அந்த விமானமோ வண்டியோ ஏற்பாடாகிவிட்டதா?

பதில்களையெல்லாம் இந்திய நேரத்துக்கு மாற்றி, கிழமையுடன் வரிசையாக எழுதுங்கள். கடைசி வரியில் வருவதுதான் வீடு சேரும் நேரம். ரீ-என்ட்ரி கைக்கு வராதவரை அந்தக் கடைசி வரியை நம்பி அறிவிப்புச் செய்யாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். "10 மணி ஃப்ளைட், 6 மணிக்கு சென்னை" என்று அனுப்பாதீர்கள். இப்படி அனுப்புங்கள்: "செவ்வாய் இரவு 10 மணி, சவூதி நேரம், ஜித்தாவில் புறப்படுகிறேன். புதன் காலை 6 மணி, இந்திய நேரம், சென்னை. புதன் பிற்பகல் 2 மணிக்கு வீடு." கிழமை, காலையா இரவா, எந்த நாட்டு நேரம் ஆகிய மூன்றும் இல்லாத நேரத்தை நேரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு முடிந்ததும் அந்த நேரத்தை மறைக்காமல் அவரிடமே சொல்லுங்கள். "நீ வந்து சேர நாளை பிற்பகல் ஆகும். என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். மையித்தை அடக்கம் செய்வதில் தாமதம் கூடாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுங்கு. உண்மை நிலை தெரிந்தால் பெரும்பாலான பிள்ளைகள், "எனக்காகக் காக்க வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்லும் வாய்ப்பை நாம் அவர்களுக்குத் தர வேண்டும். பிந்தி வருபவர் கபரிலேயே ஜனாஸா தொழுதுகொள்ள நம் ஷாஃபிஈ மத்ஹபில் இடம் இருக்கிறது. அதன் விவரத்தைப் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உம்ரா செல்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்

ஜித்தாவில் இறங்கி நேரே மக்கா செல்பவர்கள், விமானம் மீகாத் எல்லையைக் கடக்கும் முன்பே இஹ்ராம் நிய்யத் வைத்திருக்க வேண்டும். அந்த எல்லை தரையிறங்குவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே வந்துவிடுகிறது. சேரும் நேரம் 9.15 என்று டிக்கெட்டில் இருந்தால், கையில் கட்டியிருக்கும் நம் ஊர்க் கடிகாரத்தில் அது 11.45. இதை மாற்றிப் பார்க்காமல் குழம்புபவர்கள் உண்டு. பதினொரு மணிக்கு முன்பே தயாராக இருங்கள். அறிவிப்பு வரும் என்று தூங்கிவிட வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பெரியவர்களுக்கு, போகும் நாள் 24 மணி நேரம் அல்ல, இருபத்தாறரை மணி நேரம். எந்த வேளை ஊசியை எப்போது போடுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். ஊசியையும் மாத்திரையையும், மருத்துவரின் சீட்டுடன், கைப்பையிலேயே வையுங்கள்.

மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் நேர அட்டவணையையும் ஒரே தாளில் அச்சடித்து அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். லுஹருக்குப் பிறகு வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் இதையும் வையுங்கள். அதில் முதல் வரியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் ஊர், கம்பெனி, இரவில் எழுப்பக்கூடிய பக்கத்து அறை நண்பரின் தொலைபேசி எண் ஆகியவற்றை இன்றே எழுதிவிடுங்கள். அன்று யன்புவில் போன் சைலன்ட்டில் இருந்தபோது, அந்த ஓர் எண் நம்மிடம் இருந்திருந்தால் இரண்டரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

தொலைவில் இருந்து உழைக்கும் நம் பிள்ளைகளை அல்லாஹ் நலமுடன் காப்பானாக. அவர்களுடைய பயணங்களை இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்